பிரான்சில் வாடகைக் கார் எடுக்கும் புதுச்சேரிக்காரர்களே, பார்க்கிங்கில் ஏமாறாதீர்கள்

பாரீசில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய முதலியார்பேட்டைக் குடும்பம் ஒன்றின் கார்டிலிருந்து, இரண்டு மாதம் கழித்து 225 யூரோ போயிருக்கிறது. பார்க்கிங் பணம் கட்டாததற்கான தண்டம். அதன் மேல் வாடகைக் கம்பெனி, காகித வேலைக்கென்று தனியாக ஒரு 'ஃபைல்' கட்டணமும் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே என்று புலம்புகிறார்கள். சீட்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கேமரா வைத்த வண்டி தெருவில் ஓடிக்கொண்டே நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். நோட்டீஸ், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும்.

225 எப்படி வந்தது? கவுன்டரில் "அதே வாடகைக்குப் பெரிய வண்டி" என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். 2024 அக்டோபர் 1 முதல் பாரீசில், 1.6 டன்னும் அதற்கு மேலும் உள்ள பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார்களுக்கு வெளியாட்கள் மூன்று மடங்கு கட்ட வேண்டும் (மின்சாரக் கார் என்றால் 2 டன்). நடு நகரத்தில், அதாவது 1 முதல் 11 வரையுள்ள வட்டாரங்களில், மணிக்கு 6 யூரோ 18 ஆகிவிடும். தண்டமும் அதே போல் மூன்று மடங்கு, அதுதான் 225. இதைச் சொல்லாமல் சாவியைக் கொடுத்தது பச்சைத் துரோகம். எடையைக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

மெஷினில் கார் நம்பரைத் தப்பாக அடித்தால் பணம் கட்டியும் கட்டாத கணக்குதான். இப்போதைய பிரெஞ்சு நம்பரில் ஐ, ஓ, யு எழுத்துகள் கிடையாது. வட்டமாகத் தெரிவது சுழியம், ஒற்றைக் கோடு ஒன்று. மெஷின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்யவே வேண்டாம். திருடர்கள் ஒட்டியதாக இருந்தால் கார்டு விவரம் அவர்களிடம் போய்விடும், பார்க்கிங் தண்டமும் தனியாக வரும். கார்டை மெஷினிலேயே போடுங்கள்.

சிறு ஊர்களில் நீலக் கோடு போட்ட இடம் குறிப்பிட்ட நேரம் வரை இலவசம்தான், ஆனால் நேர அட்டை வைக்காவிட்டால் 35 யூரோ. வந்து சேர்ந்த நேரத்தைத்தான் அட்டையில் காட்ட வேண்டும். சித்தப்பா வீட்டு டிராயரில் கிடக்கும் இரண்டு ஜன்னல் வைத்த பழைய அட்டை 2012 முதல் செல்லாது. புதிது சிகரெட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

"நம்ம வீட்டு கேட்தானே, முன்னாடியே நிறுத்துப்பா" என்பார்கள். நிறுத்தாதீர்கள். சொந்த வீட்டு வண்டிப் பாதையை மறித்தாலும் அபராதம் உண்டு. நடைபாதையில் ஏற்றினால் 135 யூரோ, காலத்தில் கட்டாவிட்டால் 375.

ஊர் திரும்பிய பிறகு "அபராதம் பாக்கி" என்று எஸ்எம்எஸ் வந்தால், அதிலுள்ள லிங்கைத் தொடாதீர்கள். அரசுத் தளத்தின் முகவரி '.gouv.fr' என்றுதான் முடியும். நோட்டீசில் இருக்கும் எண்ணை நீங்களே அங்கே அடித்துப் பாருங்கள்.