கரோக்கிக்குப் பவர் மிக்ஸரா, ஆக்டிவ் ஸ்பீக்கரா? எனக்கு முடிவு சொன்னது ப்ளக்தான்

போன வைகாசியில், மைக் சத்தத்தையும் பாட்டு சத்தத்தையும் கலந்து பெருக்கித் தரும் பவர் மிக்ஸர் ஒன்று வாங்கினேன். அதற்கு முன் மூன்று வருடம் சாதா மிக்ஸர் ஒன்றும் ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டும் வைத்து, கோவில்பட்டி, சாத்தூர், கயத்தாறு பக்கம் வளைகாப்பு, காதுகுத்து, ரிசப்ஷன் என்று கரோக்கி நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டிலும் வேலை பார்த்தவன் என்பதால், புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு என் அனுபவத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பவர் மிக்ஸர் பக்கம்.

கடைக்குப் போனால் மூன்று வழி காட்டுவார்கள். ஒன்று, மிக்ஸருக்குள்ளேயே ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) இருக்கும் பவர் மிக்ஸர். அதற்குச் சாதாரண பாஸிவ் பாக்ஸ், அதாவது உள்ளே ஆம்ப் இல்லாத ஸ்பீக்கர், இரண்டு போதும். இரண்டு, ஆம்ப் இல்லாத மிக்ஸரும் ஆக்டிவ் ஸ்பீக்கரும். இதில் ஆம்ப் ஒவ்வொரு பாக்ஸுக்குள்ளும் இருக்கும். மூன்று, மிக்ஸர் தனி, ஆம்ப் தனி, பாக்ஸ் தனி. பழைய மைக்செட்காரர்களின் வழி இது. சக்கரம் வைத்த ட்ராலி ஸ்பீக்கரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டு மொட்டை மாடிக்கு அது சரி, கூலி வாங்கிக்கொண்டு போகிற வேலைக்குப் போதாது.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்ப்பதில் அதை மிஞ்ச எதுவும் கிடையாது. ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆம்ப் போனால், ட்ரான்ஸிஸ்டர் மாற்றிக் கொடுக்க எந்தச் சின்ன ஊரிலும் ஓர் ஆள் இருப்பார். ஆனால் ராக்கில் ஏற்றிய ஆம்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், மிக்ஸருக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒயர் மாட்ட வேண்டும், லோடு ஆட்டோ பேச வேண்டும். மச்சானும் நானும் மட்டும் போகிற வேலைக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஆக, போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

சேனல், எக்கோ, ஈக்வலைசர் இவற்றிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. கரோக்கிக்கு மைக் நான்கு, ட்ராக்குக்கு (பாடகர் குரல் இல்லாத இசைக்கு) ஒரு ஸ்டீரியோ சேனல், அவசரத்துக்கு இன்னொன்று, அவ்வளவுதான். எக்கோ மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். பாடத் தெரியாதவரையும் துணிந்து பாட வைப்பது எக்கோதான். பாட்டு முடிந்து அவர் பேச ஆரம்பித்ததும் அதை ஒரே பட்டனில் நிறுத்த முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ப்ளூடூத் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ட்ராக் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தால் திரையில் ஓடும் வரி முந்திக்கொள்ளும், பாடுகிறவர் தடுமாறுவார். ஒயரில்தான் கொடுக்க வேண்டும், போனை ஃப்ளைட் மோடில் போட வேண்டும்.

வாட் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். எத்தனை ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பக்கத்துக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வாட் பத்து மடங்கு வேண்டும். அதனால் 400 வாட்டா 500 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, 3 டெசிபெல் சென்சிட்டிவிட்டி (அதே வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) கூடுதலான பாக்ஸ் வாங்குவது புத்திசாலித்தனம். ஆம்பை இரண்டு மடங்காக்கிய பலன் அதிலேயே கிடைத்துவிடும். இருநூறு, முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் பாட்டுக்கும் பேச்சுக்கும் இதுவே தாராளம்.

இனி, என்னை மாற வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது கரண்ட்.

சாத்தூர் பக்கம் ஒரு மண்டபம், மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். பெண் வீட்டுக்காரர்களில் கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி பாடிக்கொண்டிருந்தது. லைன் கரண்ட் போனது, ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். மாற்றிய கணத்தில் மேடைக்கு இடது பக்க டியூப்லைட் எல்லாம் மங்கியது, வலது பக்கம் வெள்ளை வெளேரென்று எரிந்தது. இரண்டு மூன்று நொடிதான். வலது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு பிளாஸ்டிக் கருகிய வாடை. ஓடிப் போய்ப் பின்பக்கம் கை வைத்தால் ஹீட்சிங்க் சுட்டது. மிச்சப் பாட்டுகளை ஒற்றை ஸ்பீக்கரில் ஓட்டினோம்.

நடந்தது என்னவென்று பிற்பாடு எலக்ட்ரீஷியன் விளக்கினார். லைன் கரண்ட்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் நியூட்ரல் கம்பி தளர்ந்திருந்தது. மூன்று ஃபேஸ் வரும் இடத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் என்ற கணக்கே கிடையாது. எந்த ஃபேஸில் லோடு குறைவோ அங்கே வோல்டேஜ் ஏறும், மோசமான நிலையில் 400 வோல்ட்டை நெருங்கும். லோடு அதிகம் இருக்கிற ஃபேஸில் இறங்கிவிடும். பெரிய மண்டபங்களில் மேடையின் இடப்பக்க ப்ளக் ஒரு ஃபேஸிலும் வலப்பக்க ப்ளக் இன்னொன்றிலும் இருப்பது சகஜம். என் மிக்ஸரும் ஒரு ஸ்பீக்கரும் மங்கிய பக்கத்தில் இருந்ததால் பிழைத்தன. எரிந்த ஸ்பீக்கரின் ஆம்ப் போர்டு முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். போர்டு வந்து சேர ஐந்து வாரம் ஆனது. பதினெட்டு கிலோ பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுபோய், பஸ்ஸிலேயே திரும்பக் கொண்டுவந்தேன்.

பவர் மிக்ஸர் இருந்திருந்தால் தப்பியிருக்குமா? வலப்பக்க ப்ளக்கில் மாட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். அதை மறைக்கவில்லை. ஆனால் பவர் மிக்ஸருக்கு வேண்டியது ஒரே ஒரு ப்ளக். அந்த ஒரு ப்ளக்கை என்னால் காவல் காக்க முடியும். இப்போது ஒரு மரப்பெட்டியில், வோல்டேஜ் ஏறினால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே ஒன்றும், வோல்ட் மீட்டர் ஒன்றும், நான்கு சாக்கெட்டும் பொருத்தி வைத்திருக்கிறேன். மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலை, மல்டிமீட்டரை எடுத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பார்ப்பது. 220-இலிருந்து 240-க்குள் இருந்தால் நல்லது. அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மண்டப எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் எதையும் மாட்டமாட்டேன். மிக்ஸர், லேப்டாப், ஒயர்லெஸ் மைக் ரிசீவர் மூன்றும் அந்த ஒரே பெட்டியில்தான்.

ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டையும் அதே பெட்டியிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து மாட்டலாமே என்று கேட்பீர்கள். மாட்டலாம், மாட்டியும் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் பதினைந்து மீட்டர் கரண்ட் ஒயர், கூடவே சிக்னல் ஒயர். பந்திக்குப் போகிறவர்கள் மிதிப்பார்கள், குழந்தைகள் இழுப்பார்கள், மணமேடையைக் கழுவிய தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். ஸ்பீக்கர் ஒயரிலும் மின்சாரம் ஓடத்தான் செய்கிறது. 630 வாட், 4 ஓம் என்றால் முழு பவரில் 50 வோல்ட் (ஆர்எம்எஸ்) வரும். அதை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அது பாட்டு உச்சத்தில் இருக்கும்போது மட்டும், ஸ்பீக்கான் என்கிற ஸ்பீக்கர் ஒயர் கனெக்டருக்குள் விரல் படாத இடத்தில். 230 வோல்ட் ஒயர் கால் மிதிபடும் இடத்தில் கிடப்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

ஹம் என்கிற இரைச்சல் இன்னொரு தொல்லை. மிக்ஸர் ஒரு ப்ளக்கிலும் ஸ்பீக்கர் வேறொரு ப்ளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்தும் சிறிது வித்தியாசப்பட்டால், சிக்னல் ஒயரின் ஷீல்டு வழியாக அந்த வித்தியாசம் ஓடி ‘ம்ம்ம்’ என்று இரையும். அதைப் போக்கச் சிலர் ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கரோக்கியில் மைக்கைப் பிடிப்பது நம் ஆள் இல்லை. கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருவர், பெரும்பாலும் செருப்பில்லாமல், சில நேரம் இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தவர். அந்த மைக்கின் இரும்பு உடம்பு நம் மிக்ஸரின் எர்த்தோடு ஒட்டியது. ஹம் போக வேண்டுமென்றால் சிக்னல் ஒயருக்கு நடுவில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட வேண்டும். பவர் மிக்ஸரில் ஆம்பும் மிக்ஸரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், ஸ்பீக்கர் பக்கமிருந்து அந்தத் தொல்லை வருவதே இல்லை. லேப்டாப் சார்ஜரிலிருந்து வரும் இரைச்சல் தனி. அது வந்தால் மட்டும் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுகிறேன்.

இதற்குப் பதிலாக நீங்கள் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கர் ஒயரின் கனம். இருபது மீட்டர் ஒயர் என்றால் போக வர நாற்பது மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் அது 0.7 ஓம் ஆகிவிடும். 4 ஓம் லோடு மாட்டினால் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக ஒயரே விழுங்கிவிடும். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.28 ஓம்தான். ஒயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இன்னொன்று, பி38 ஜாக் வைத்த கிடார் ஒயரை அவசரத்துக்கு ஸ்பீக்கர் அவுட்டில் மாட்டாதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி மெல்லியது. 8 ஓம் பாக்ஸ் பக்கத்துக்கு இரண்டு வரை மாட்டலாம், சேர்ந்தால் 4 ஓம். மூன்றாவது மாட்டினால் 2.7 ஓமுக்கு இறங்கும், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்தி ப்ரொடெக்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பாஸிவ் பாக்ஸின் பராமரிப்பு எனக்கு நிம்மதி. உள்ளே பேஸுக்கு ஊஃபர், கீச்சுச் சத்தத்துக்கு ஹார்ன் டிரைவர், இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர், அவ்வளவே. காயில் போனால் ரீகோன் (காயிலும் கூம்பும் புதிதாகப் போடுவது) செய்துகொள்ளலாம், டயஃப்ரம் போனால் சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்து வரவழைத்து நானே நான்கு ஸ்க்ரூ கழற்றி மாற்றிவிடுவேன். பவர் மிக்ஸருக்கு மாதம் ஒருமுறை ஃபேன் வழியைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறேன். கரிசல் காட்டுத் தூசி லேசான தூசி இல்லை.

பவர் மிக்ஸரைக் குறை சொல்கிறவர்களின் பெரிய வாதம் ஒன்று உண்டு. ஆம்ப் போனால் எல்லாமே போச்சு என்பார்கள். பாதி உண்மை. உள்ளே இருக்கும் ஆம்ப் பகுதி போனாலும் மிக்ஸர் பகுதி பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பின்னாலோ முன்னாலோ, ஆம்புக்குப் போகாத சிக்னலை வெளியே எடுக்கும் மெயின் லைன் அவுட் என்று ஒரு ஜோடி இருக்கும், அதிலிருந்து வேறொரு ஆம்புக்கோ, மண்டபத்தின் சொந்த ஆம்புக்கோ கொடுத்து நிகழ்ச்சியை முடித்துவிடலாம். அதற்கான இரண்டு ஒயர் எப்போதும் என் பையில் இருக்கும். லைன் அவுட் இல்லாத மலிவு மாடல்களும் விற்கிறார்கள். அதை மட்டும் வாங்காதீர்கள். ஆனால் மெயின் பவர் சப்ளையே போய்விட்டால் இந்த வித்தையும் பலிக்காது, அந்த இடத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி. எனக்கு அப்படி இதுவரை நடக்கவில்லை, ஒரு வருட அனுபவம்தான்.

நான் வாங்கியது யமஹா இஎம்எக்ஸ்5. 12 இன்புட், அதில் எட்டு மைக் வரை, 4 ஓமில் பக்கத்துக்கு 630 வாட், எடை ஏறக்குறைய ஒன்பது கிலோ. பைக்கின் முன்னால் வைத்துக் கொண்டுபோய்விடலாம். 24 எஃபெக்ட் இருக்கிறது, நான் பயன்படுத்துவது இரண்டுதான். விசில் அடிப்பதை அடக்கும் ஃபீட்பேக் சப்ரஸரும் இருக்கிறது. கரோக்கிக்கு அது பெரிய உபகாரம், ஏனென்றால் பாடுகிறவர்கள் மைக்கின் வலையையே கையால் பொத்திப் பிடிப்பார்கள், ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போவார்கள். அதற்காகப் பாக்ஸை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு சப்ரஸரை நம்பக் கூடாது. இதன் அண்ணன் இஎம்எக்ஸ்7-இல் 710 வாட்டும் கிராஃபிக் ஈக்வலைசரும் உண்டு. அந்தக் காசுக்கு நான் நல்ல மைக் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

டிஜே வேலைக்கு இதையே சிபாரிசு செய்வேனா என்றால் தயங்குவேன். நான் செய்த டிஜே நிகழ்ச்சிகள் நான்குதான், அதனால் இந்தப் பகுதியை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஜே கன்ட்ரோலரிலேயே மிக்ஸர் இருக்கிறது. பவர் மிக்ஸரின் எட்டு மைக் சேனலில் ஏழு சும்மா கிடக்கும், நீங்கள் காசு கொடுத்தது உள்ளே இருக்கும் ஆம்புக்கு மட்டும் என்றாகிவிடும். தவிர, கரோக்கியில் குரல் ஏறும் இறங்கும், வரிக்கு வரி இடைவெளி இருக்கும், ஆம்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். குத்துப் பாட்டு ரீமிக்ஸில் அந்த இடைவெளியே இல்லை, பேஸ் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும். சின்னப் பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப் மணிக்கணக்கில் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். ஒரு ரிசப்ஷனில் சிவப்பு லைட் விட்டு விட்டு எரிந்ததைப் பார்த்து நானே வால்யூமைக் குறைத்தேன். முழு நேர டிஜே என்றால் மேல் சத்தத்துக்கு ஆக்டிவ் டாப், பேஸுக்கு மட்டும் ஆக்டிவ் சப் (சப்ஊஃபர்), இரண்டுக்கும் சரியான கரண்ட் ஏற்பாடு, அதுதான் வழி. திறந்தவெளி என்றால் இரவு பத்து மணிக்கு மேல் லவுட்ஸ்பீக்கர் கூடாது என்று 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் சொல்வதையும் பார்ட்டி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பத்துக்கு எட்டு வேலை கரோக்கி, இரண்டு வேலை ஆட்டம் என்று என்னைப் போல இருப்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. பவர் மிக்ஸரின் லைன் அவுட்டிலிருந்து ஆக்டிவ் சப் ஒன்றுக்குக் கொடுத்து, சப்பின் வழியாகத் திரும்ப எதுவும் எடுக்காமல், பாக்ஸுக்குப் போகும் சத்தத்தில் மட்டும் ஈக்வலைசரில் அடி பேஸைக் கொஞ்சம் வெட்டிவிடுவது. பாக்ஸின் ஊஃபருக்கும் ஆம்புக்கும் பாரம் குறையும். சில மிக்ஸர்களில் ஈக்வலைசர் லைன் அவுட்டையும் சேர்த்து வெட்டிவிடும். அப்படியானால் சப்புக்கு ஆக்ஸ் அவுட் என்கிற தனி வெளியீட்டிலிருந்து கொடுங்கள். தீபாவளிக்குள் 15 இஞ்ச் ஆக்டிவ் சப் ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். அதை மேடைக்கு நடுவில், மிக்ஸருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம், பேஸுக்கு இடம் வலம் கிடையாது. மரப்பெட்டியில் நான்காவது சாக்கெட் அதற்காகத்தான் காலியாக இருக்கிறது.