ஃபாலோ-அப் மெயில்களோடு 6 வருடத்துக்கு மேல்: என் பயன்பாட்டு அனுபவம்

ஒளிப்படம் எடுப்பதை ஆன்லைனில் சொல்லித் தருகிறேன். என் பாடத்தில் சேர்கிறவர்களில் பெரும்பாலானோர் மெயில் லிஸ்ட் வழியாக வருகிறவர்கள்தான். வெளிச்சத்தைப் பற்றி ஒரு சின்ன இலவசக் கையேடு வைத்திருக்கிறேன், அதற்காக முகவரி கொடுத்துச் சேர்கிறவர்களுக்கு அப்புறம் வரிசையாகச் சில மெயில்கள் தானாகவே போகும். 2019-ல் ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது. இதற்குள் மெயில்களை அனுப்பித் தரும் சேவைகள் மூன்று மாறிவிட்டேன். எது நல்ல சேவை என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சேவை மாறியதில் எனக்குக் கிடைத்த பலன் கொஞ்சம்தான், படிக்கிறவர்களைப் பதில் எழுத வைத்த பிறகுதான் நிலைமையே மாறியது.

முதலில் நான் வைத்திருந்தது ஏழு நாளுக்கு ஏழு மெயில். முதல் நாள் கையேடு, மறுநாளிலிருந்தே பாடத்தை வாங்கச் சொல்லும் பேச்சு, கடைசி இரண்டிலும் சலுகை முடியப் போகிறது என்ற அவசரம். விற்பனை நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே நிறைய பேர் விலகிப் போனார்கள், விலகாதவர்களிலும் பலர் அதற்குப் பிறகு அனுப்பிய எதையும் தொடவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒருவர் எழுதினார்: "சார், மூன்றாம் நாளே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். இன்னும் தினமும் சேரச் சொல்லி மெயில் வருகிறதே, என் பணம் வந்து சேரவில்லையா?" படித்ததும் மனசு சங்கடப்பட்டுப் போய்விட்டது. நம்பிப் பணம் கட்டியவர் நான்கு நாளாக அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். பணம் வந்த அந்த நிமிடமே அவர் பெயரில் ஒரு டேக், அதாவது அடையாளக் குறி, விழுந்து விற்பனை வரிசையிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும், இது பெரும்பாலான சேவைகளில் இருக்கிற வசதிதான், அமைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாங்கியவர்களுக்கென்று தனியாக மூன்று மெயில் எழுதினேன்: எங்கே ஆரம்பிப்பது, எங்கே மாட்டிக்கொள்வார்கள், சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது. பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் இதற்குப் பிறகு குறைந்துவிட்டார்கள்.

புதிதாக இதைத் தொடங்குகிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் அடுத்து சொல்லப்போவதைச் செய்து பாருங்கள். மூன்றாவது மெயிலில் விற்பனைப் பேச்சை முழுக்க எடுத்துவிட்டு இரண்டே கேள்வி வைத்தேன்: "நீங்கள் எதில் படம் எடுக்கிறீர்கள்? எந்த இடத்தில் படம் சரியாக வர மாட்டேன் என்கிறது? ஒரு வரியில் பதில் போட்டால் போதும்." பதில்கள் வர ஆரம்பித்ததும்தான் விஷயம் புரிந்தது. முக்கால்வாசிப் பேர் போனில்தான் எடுக்கிறார்கள். நான் எழுதி வைத்திருந்ததோ லென்ஸ், அப்பர்ச்சர் என்று கேமரா வைத்திருப்பவர்களுக்கான கடிதங்கள். ஒரு அம்மா எழுதியிருந்தார்: "குழந்தை ஓடிக்கொண்டே இருக்கிறான், வீட்டுக்குள் எடுக்கும் படம் எல்லாம் கலங்கலாகவே வருகிறது." அடுத்த மெயிலை அவருக்காகவே எழுதினேன். வெளிச்சம் குறைந்தால் போன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், அதற்குள் குழந்தை நகர்ந்துவிடும், அதனால் ஜன்னல் பக்கத்தில் விளையாட விடுங்கள், அங்கே உட்கார்ந்து எடுங்கள் என்று அவ்வளவுதான். என் வரிசையில் மற்றவர்களுக்கு அதிகம் ஃபார்வர்ட் ஆகிற மெயில் இன்றைக்கும் அதுதான்.

இன்னொன்று, அனுப்பும் முகவரி 'நோ-ரிப்ளை' (பதில் போட முடியாதது) என்று இருந்தால் இது எதுவும் நடக்காது. நாம் படிக்கிற முகவரியாக இருக்க வேண்டும், வருகிற பதிலுக்கு நாமே உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எனக்கு இதற்கே போகிறது. ஒருமுறை பதில் போட்டவருக்கு அடுத்து நாம் அனுப்புவது இன்பாக்ஸில் விழவும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஓப்பன் ரேட், அதாவது மெயில் போனவர்களில் எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்ற எண். 2021 கடைசியில் என்னுடையது திடீரென ஏறியது, சப்ஜெக்ட் லைன் நன்றாக எழுத வந்துவிட்டது என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. மெயில் திறக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் வைக்கப்படுகிறது, அது லோட் ஆனால் திறந்ததாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-ஓடு ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பிரைவசி வசதியை ஆன் செய்தவர்களுக்கு, அவர்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்தப் படத்தை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. எண் ஏறியதுகூடப் பரவாயில்லை, 'திறக்காதவர்களுக்கு மட்டும் மறுபடி அனுப்பு' என்று நான் வைத்திருந்த ஆட்டோமேஷன் அந்த ஆட்களை எல்லாம் படித்தவர்களாகவே எடுத்துக்கொண்டு விட்டுவிட்டது. இப்போது க்ளிக், பதில், வாங்கியது, இந்த மூன்றை வைத்துத்தான் யாருக்கு அடுத்து எந்த மெயில் போகும் என்பது முடிவாகிறது.

ஸ்பேம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். நம் டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பெயரில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப், மெயில் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான கையொப்பம் டிகிம், இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். நான் அவ்வளவு அனுப்புவதில்லை, இருந்தாலும் மூன்றையும் போட்டேன், நீங்களும் போட்டுவிடுங்கள், ஒரு மாலை நேர வேலை. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது கூகுள். அதாவது ஆயிரம் பேருக்குப் போனால் மூன்று பேர் ஸ்பேம் பட்டனை அழுத்துவதே ஆபத்தான அளவு.

அந்த மூன்று பேர் ஏன் அழுத்துகிறார்கள்? என் விஷயத்தில் காரணம் எளிமையாக இருந்தது: விலகும் வழி தெரியவில்லை. அன்சப்ஸ்கிரைப் இணைப்பை மெயிலின் அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் வைத்திருந்தேன். போதாததற்கு, ஜிமெயில் 102 கேபி-க்கு மேல் போகும் மெயிலின் அடிப்பகுதியை வெட்டி மறைத்துவிடும். வேர்டில் எழுதி அப்படியே ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத, தேவையில்லாத நிரல் வரிகள் எல்லாம் சேர்ந்து என் மெயில்கள் அந்த அளவைத் தாண்டிப் போயிருந்தன, வெட்டுப்பட்ட பகுதியோடு விலகும் இணைப்பும் போய்விட்டது. படிக்கிறவர் வேறு என்ன செய்வார்? இப்போது முதல் மெயிலின் தொடக்கத்திலேயே, "எத்தனை மெயில் வரும், எத்தனை நாளில் வரும், வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள்" என்று எழுதிவிடுகிறேன். விலகுகிறவர்கள் சற்று கூடினார்கள், புகார் ஏறக்குறைய நின்றே போனது. இது எனக்கு நல்ல கணக்கு.

இடைவெளியையும் மாற்றினேன். சேர்ந்த உடனே ஒன்று, மறுநாள் ஒன்று, பிறகு 4, 8, 15-ஆம் நாட்களில் ஒவ்வொன்று, பாடத்தைப் பற்றி 8-ஆம் நாளில்தான் முதல் பேச்சு. அதற்குப் பின் மாதத்துக்கு இரண்டு. பாடத்துக்குச் சலுகை கொடுத்தால் சொன்ன தேதியில் நிஜமாகவே முடித்துவிடுகிறேன்.

முகவரி கொடுத்தவுடன் ஒரு உறுதிப்படுத்தும் மெயில் போய், அதை அவர் அழுத்தினால்தான் லிஸ்டில் சேர்ப்பது என்ற முறைக்கும் வந்துவிட்டேன். லிஸ்ட் வளர்வது மெதுவாகும், உண்மைதான், ஆனால் எழுத்துப் பிழையோடு வரும் முகவரிகள் உள்ளேயே வராது, போய்ச் சேராமல் திரும்பி வரும் மெயில்கள் (பவுன்ஸ்) குறையும். விலைக்கு லிஸ்ட் விற்கிறவர்கள் என்னிடமும் வந்தார்கள், ஒருமுறையும் வாங்கவில்லை. நம்மிடம் முகவரி கொடுக்காதவருக்கு ஃபாலோ-அப் என்று எதை அனுப்புவது?

ஆறு மாதமாக எதையும் அழுத்தாதவர்களுக்கு ஒரே ஒரு கடிதம் போகும்: "இன்னும் அனுப்பட்டுமா? ஆம் என்றால் கீழே அழுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் உங்கள் முகவரியை நானே எடுத்துவிடுகிறேன்." சொன்னபடி எடுத்தும் விடுகிறேன். முதல் தடவை லிஸ்டில் பெரும்பகுதி போனபோது வயிற்றைக் கலக்கியது. அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்களில் ஒன்று அந்தக் குழந்தையின் அம்மாவிடமிருந்து. எல்லாவற்றையும் படிக்கிறேன், அழுத்த வேண்டும் என்று தெரியாது என்று எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் பையன் சிரிக்கிற படம் ஒன்றையும் இணைத்திருந்தார். அவர் முகவரியை நானே திரும்பச் சேர்த்தேன். அதிலிருந்து அந்தக் கடிதத்தில் "ஒரு வார்த்தை பதில் போட்டாலும் போதும்" என்ற வரியும் இருக்கிறது.