சாரதி ஆசனத்திலிருந்து பார்த்த தளபதி: கே சம்மர்ஸ்பியின் நூல் பற்றி

யாழ்ப்பாண நகரின் பழைய புத்தகக் கடைகளில் இரண்டாம் உலகப் போர் பற்றிய ஆங்கில நூல்களுக்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. ஆயினும் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளும் போர்க்களப் படத்தொகுப்புகளும் நிறைந்த அந்த அடுக்குகளில், தளபதி ஒருவரின் காரை ஓட்டிய பெண் எழுதிய நூல் அகப்படுவது அபூர்வம். 1976 இல் வெளிவந்த கே சம்மர்ஸ்பி மோர்கனின் 'பாஸ்ட் ஃபொர்கெற்றிங்' எனக்கு அவ்வாறுதான் கிடைத்தது. மட்டை கழன்று, யாரோ தடித்த நூலால் குத்திக் கட்டி வைத்திருந்த பிரதி அது. டுவைட் ஐசனோவருடனான தமது காதலின் கதை என்று உபதலைப்பே அறிவித்துவிடுவதால், வாங்குபவர் எதை எதிர்பார்த்து வாங்குவார் என்பதில் பதிப்பாளருக்குச் சந்தேகம் இருந்திருக்க முடியாது. அந்த எதிர்பார்ப்போடு வாசிப்பவர் ஏமாறுவார். வேறு காரணங்களுக்காக இந்நூல் வாசிக்கப்பட வேண்டியது என்பதே என் அபிப்பிராயம்.

சம்மர்ஸ்பி 1908 இல் அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்திற் பிறந்தவர். போர் தொடங்கியதும் பிரித்தானியப் பெண்களின் வாகனப் படையொன்றில் சேர்ந்து, ஜேர்மன் விமானங்கள் லண்டனைக் குண்டுவீசித் தகர்த்த காலத்தில் அம்புலன்ஸ் ஓட்டினார். 1942 மே மாதத்தில் லண்டனுக்கு வந்த, அப்போது அவ்வளவாக அறியப்படாத ஓர் அமெரிக்க ஜெனரலுக்குச் சாரதியாக நியமிக்கப்பட்டார். அந்த ஜெனரலே பின்னர் நேச நாடுகளின் படைகளுக்கு ஐரோப்பாவில் தலைமை தாங்கி, 1953 முதல் 1961 வரை அமெரிக்க ஜனாதிபதியாகவும் இருந்த ஐசனோவர். அவருக்கு 1916 இலேயே திருமணமாகியிருந்தது. மனைவி மேமி போர்க்காலம் முழுவதும் அமெரிக்காவிலேயே இருந்தார்.

நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் கார் ஓட்டும் பக்கங்கள். எதிரி வந்திறங்கினால் வழி தெரியக்கூடாது என்று வீதிப் பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டிருந்த நாட்டில், முன்விளக்குகளை மறைத்து ஒரு கீற்று வெளிச்சம் மாத்திரம் விழும்படி செய்த வாகனத்தை, மூடுபனியில், பின்னாசனத்தில் தளபதியை வைத்துக்கொண்டு அவர் ஓட்டுகிறார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்பரேற்றரில் சிறிதளவு பெற்றோலைத் தெளித்து இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கக் கக்க வண்டி ஓட்டிய எங்கள் சாரதிமாருக்கு இந்தப் பக்கங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டு வீதியில் ஒரே வாகனத்தில் மணிக்கணக்காகப் போகும் இருவருக்கிடையில், எத்தனை பதவி இடைவெளி இருந்தாலும், பேச்சு எங்கே தொடங்கி எங்கே போகும் என்பதை அவர் ஆரவாரமின்றி எழுதியிருக்கிறார். காதல் இருந்ததா இல்லையா என்ற வழக்கில் நான் சாட்சியாக ஏற்பது இந்தப் பக்கங்களைத்தான்.

1942 டிசம்பரில் வட ஆபிரிக்காவுக்குப் போகும் வழியில் அவர் பயணம் செய்த 'ஸ்ட்ரத்தலன்' கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு இலக்காகியது. உயிர்காப்புப் படகொன்றில் தப்பி அல்ஜியர்ஸ் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூனில், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அமெரிக்க இராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஆர்னோல்ட் டியூனீசியாவில் கண்ணிவெடியில் இறந்தார். இதற்குப் பின்னரே தளபதியின் பரிவு வேறு நிறம் கொள்கிறது. சாரதியாக வந்தவர் செயலாளராகிறார், மாலைகளில் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் கூட்டாளியாகிறார், குதிரைச் சவாரியில் துணையாகிறார். 1944 ஜூன் 5 மாலையில், நோர்மண்டிக்குப் புறப்படவிருந்த பரசூட் படையினரைப் பார்க்க ஐசனோவர் போனபோதும் உடனிருந்தவர் அவர். முகத்தில் கரி பூசி நின்ற இளைஞர்களிடம் எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரித்தபடி தளபதி நடந்த அந்த மாலை பல வரலாற்று நூல்களில் உண்டு. ஆனால் விமானங்கள் எழும்பிப் போன பின்னர் அந்த மனிதரின் தோள் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய தூரத்தில் நின்றவர்கள் வெகு சிலரே.

காதலை நேரடியாகச் சொல்லவரும் இடங்களில் நூல் தடுமாறுகிறது. சம்மர்ஸ்பி 1975 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். நூலோ மறு ஆண்டுதான் வந்தது. எழுத்து வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் பார்பரா வைடன் என்ற எழுத்தாளர். அணைப்புகளும் முத்தங்களும் வருமிடங்களில் வாராந்தச் சஞ்சிகைத் தொடர்கதையின் வாடை வீசுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதே வேளை, பரபரப்பை மட்டும் விற்க நினைத்த நூல் ஒருபோதும் சொல்லியிராத ஒன்றையும் இது சொல்கிறது: அந்த உறவு உடலளவில் நிறைவேறவேயில்லை, தளபதியால் இயலவில்லை. பொய் சொல்லப் புறப்பட்டவர் இப்படியா பொய் சொல்வார்?

இந்த நூல் எழுதப்பட்டதற்கே ஒரு வதந்தி காரணம். மனைவியை விவாகரத்துச் செய்து சம்மர்ஸ்பியை மணக்க விரும்புவதாக ஐசனோவர் போர் முடிவில் தமது மேலதிகாரியான ஜெனரல் மார்ஷலுக்குக் கடிதம் எழுதினார் என்றும், மார்ஷல் அதற்குக் கடும் எச்சரிக்கையுடன் பதில் அனுப்பினார் என்றும் முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் சொன்னதாக எழுபதுகளின் முற்பகுதியில் ஒரு செய்தி பரவியது. அப்படியொரு கடிதம் இன்றுவரை எவர் கையிலும் அகப்படவில்லை. 1945 இல் ஐசனோவர் மார்ஷலுக்கு எழுதியதாக ஆவணங்களில் இருப்பது, மேமியை ஐரோப்பாவுக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் கடிதம். சம்மர்ஸ்பி வதந்தியை நம்ப விரும்புகிறார், அதை மறைக்கவும் இல்லை. வாசகர் அவரோடு சேர்ந்து நம்ப வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

1948 இல் அவர் எழுதிய முதல் நூலான 'ஐசனோவர் வோஸ் மை பொஸ்' இதே ஆண்டுகளை, இதே பயணங்களை, காதலின் சாடையே இல்லாமல் சொல்கிறது. இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து வாசிப்பதே சரியான முறை. எந்தச் சம்பவத்தில் முதல் நூல் சட்டென்று ஒரு வரியோடு கடந்து போகிறதோ, அங்கே இரண்டாம் நூல் நின்று நிதானிக்கிறது. இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் ஒருவர் தம் மௌனத்துக்கே உரை எழுதுவதைப் பார்க்கிறோம். ஐசனோவர் 1969 இல் இறக்கும்வரை அவர் வாய் திறக்காததை நன்றியுணர்வு என்பவர்களும் உண்டு, பயம் என்பவர்களும் உண்டு. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

நூலில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதன் இறுதிப் பகுதி. 1945 நவம்பரில், இராணுவத் தலைமை அதிபதிப் பதவியை ஏற்க ஐசனோவர் வொஷிங்டன் போகிறார். உடன் செல்லவிருந்தோரின் பட்டியலிலிருந்து சம்மர்ஸ்பியின் பெயர் நீக்கப்படுகிறது. பிறகு தட்டச்சு செய்யப்பட்ட, அலுவலகத் தோரணையிலான ஒரு கடிதம் வருகிறது; அவரது சேவையைப் பாராட்டி, அவரைத் தம் அலுவலகத்தில் வைத்திருக்க முடியாமைக்கு வருந்துகிறது. அடியில் மட்டும், அவர் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும்படி தளபதியின் கையெழுத்தில் ஒரு வரி. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரின் நேரத்தையும் வழியையும் மனநிலையையும் கவனித்துக்கொண்ட பெண்ணுக்குக் கிடைத்த விடைக்கடிதம் அது. மேலதிகாரி காதலித்தாலும் சரி, கைவிட்டாலும் சரி, கட்டளை ஒரு திசையில்தான் பாயும் என்பதைச் சம்மர்ஸ்பி எங்கேயும் குற்றச்சாட்டாக எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மறுபக்கத்தையும் அறிய விரும்புவோருக்கு, ஐசனோவர் போர்க்காலத்தில் மனைவிக்கு எழுதிய முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்களை மகன் ஜோன் 1978 இல் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கலங்கிய மேமியை அவற்றிற் பல சமாதானப்படுத்துகின்றன. அவற்றை வாசித்த பின்னர் சம்மர்ஸ்பியைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஐசனோவரை இரட்டை வேடக்காரர் என்று சொல்லவும் வரவில்லை.

சம்மர்ஸ்பி நூலின் ஆங்கிலம் எளிமையானது, உயர்தர வகுப்பு மாணவர்கூட அகராதியின் துணை அதிகமின்றி வாசித்துவிடலாம். அவரது இரு நூல்களில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவர்கள் பிந்தியதான 'பாஸ்ட் ஃபொர்கெற்றிங்'கையே வாங்கட்டும், ஆனால் அல்ஜியர்ஸ் வரையிலான பகுதியை ஆறுதலாக வாசிக்கட்டும். முத்தக் காட்சிகளைத் தாண்டிப் போனால் ஒரு நட்டமும் இல்லை.