நெற்களஞ்சியக் கணினியில் கொன்ஃபிக்பார்சர்

பைதன் மொழியுடன் சேர்ந்தே வரும் கொன்ஃபிக்பார்சர், அமைவுக் கோப்புகளை வாசித்துப் பிரித்துத் தரும் பழைய நிரல் நூலகம். கிளிநொச்சி, பரந்தன், மல்லாவிப் பக்கங்களில் நெல் வாங்கிச் சேர்க்கும் களஞ்சியங்களுக்கான பற்றுச்சீட்டு மென்பொருளில் இதைப் பயன்படுத்தி வருகிறேன். காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் சம்பாவின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருக்கும். அதை மென்பொருளின் அமைவுக் கோப்பில் மாற்றுபவர் தராசடியில் நிற்கும் எழுதுவினைஞரே. அவரால் நோட்பாடில் திறந்து, தமிழிலேயே திருத்தி, மூடக்கூடியதாகக் கோப்பு இருக்க வேண்டும் என்பதே எனது முதல் அளவுகோல்.

அந்த அளவுகோலில் இது நன்றாகவே தேறுகிறது. சதுர அடைப்புக்குள் 'சம்பா' என்று பிரிவின் பெயரை எழுதி, அதன் கீழ் 'கொள்வனவு விலை = 120' என்று இட்டால் போதும்; மேற்கோள் குறியோ உள்தள்ளலோ தேவையில்லை. 2022இல் பைதன் 3.11உடன் வந்த, 'டொமல்' வகை அமைவுக் கோப்புகளை வாசிக்கும் டொமல்லிப் நூலகம் இதைவிட ஒழுங்கானது, எண்ணை எண்ணாகவே தருவது. ஆனால், டொமல் 1.0 விதிப்படி தமிழில் எழுதும் ஒவ்வொரு பெயரையும் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். மூட்டைகளுக்கு நடுவே நிற்பவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எனினும், கொன்ஃபிக்பார்சரின் இயல்பு அமைப்புகளை அப்படியே விட்டுவிட முடியாது. முதலாவது குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், வின்டோஸ் கணினியின் இயல்புக் குறியாக்கத்திலேயே கோப்பு வாசிக்கப்படும். பெரும்பாலான ஆங்கில வின்டோஸ் கணினிகளில் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252ஆம் குறிப்பக்கம். தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அங்கே இடமே இல்லை என்பதால், 'நெல்' என்ற சொல்லிலேயே வாசிப்பு வழுவுடன் நின்றுவிடும். பழைய நோட்பாட் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் ஒரு மறைகுறியையும் சேர்த்துவிடுவதால், 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுப்பதே பாதுகாப்பு. குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வாசிக்கும்.

இரண்டாவது, வீதக் குறி. 'ஈரப்பதன் = 14%' என்று எழுதுவதுதான் இங்கே வழக்கம். இந்த நூலகமோ அந்தக் குறியை வேறொரு மதிப்பை இழுத்துவரும் கட்டளையின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. கோப்பை வாசிக்கும்போது ஒன்றும் சொல்லாது. முதல் மூட்டையின் ஈரத்தைச் சரிபார்க்க அந்த மதிப்பைக் கேட்கும் நேரத்தில்தான் வழு எழும். இடைச்செருகல் எனப்படும் இந்த வசதியை நிறுத்திவிட்டு, குறியை நாமே நீக்கி எண்ணாக்குவதே வழி. நெல் விலைக் கோப்புக்கு இந்த வசதி வேண்டியதே இல்லை என்பது என் கருத்து.

கோப்பே இல்லாவிட்டாலும் 'றீட்' செயற்கூறு வாய் திறக்காது என்பது எனக்குப் பிடிக்காத இன்னொன்று. வாசித்து முடித்த கோப்புகளின் பட்டியலை அது திருப்பித் தருகிறது. அதைச் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 'கொள்வனவு' என்பதிலுள்ள 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்தும் தட்டெழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே; நூலகத்துக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பெயர்களைச் சிறிய எழுத்தாக்கும் 'ஒப்ஷன்எக்ஸ்ஃபோம்' செயற்கூற்றுக்குப் பதிலாக இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தை வைத்தால் தீர்ந்துவிடும். பிரிவுப் பெயர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. 'ஆம்', 'இல்லை' என்ற சொற்களையும் இவ்வாறே உண்மை, பொய் அட்டவணையில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. இந்த நெகிழ்வுக்காகவே இதை நான் இன்னும் கைவிடவில்லை.

பழைய விலையை அழிக்காமல் அதே பிரிவில் புதிய வரியைச் சேர்த்துவிட்டால், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் பெயர் இரட்டித்தது என்று சொல்லி நிறுத்துகிறது. பிழையான விலையில் சீட்டு அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நிரல்வழியே கோப்பைத் திருப்பி எழுதும்போது குறிப்புரைகள் அனைத்தும் போய்விடும். ஆதலால், எழுதுவினைஞர் திருத்தும் விலைக் கோப்பை மென்பொருள் எழுதுவதே இல்லை. அச்சுப்பொறி, தராசு இணைப்பு போன்றவற்றை வேறு கோப்பில் வைத்து, இரண்டையும் வரிசையாக வாசிக்கக் கொடுக்கிறேன். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் பின்னால் வருவதே நிற்கும்.