அமெரிக்க விண்வெளிக் கட்டளையகம்: பழையதும் புதியதும்

அமெரிக்காவின் பல படைகளும் சேர்ந்து விண்வெளி ராணுவ நடவடிக்கைகளைக் கவனிக்கும் அமைப்பு இது. 1985-இல் தொடங்கி 2002-இல் கலைக்கப்பட்டது முதல் கட்டளையகம். 2019 ஆகஸ்டில் பிறந்தது இரண்டாவது. தலைமையைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ரகம்.

பழையதில் ராபர்ட் ஹெரஸ் முதல் ரால்ஃப் எபர்ஹார்ட் வரை எல்லாத் தளபதிகளும் விமானப்படை ஜெனரல்கள். வட அமெரிக்க வான்பாதுகாப்பு அமைப்பான நோராடும் அவர்கள் கையில்தான். 1991 வளைகுடாப் போரின் வான்தாக்குதலை நடத்திய சார்லஸ் ஹார்னரும் இந்த நாற்காலியில் இருந்தார். ஹெரஸ் இங்கிருந்து முப்படைத் தலைமைக் குழுவின் முதல் துணைத் தலைவரானார். ரிச்சர்ட் மையர்ஸ் பின்னாளில் அதன் தலைவராகவே ஆனார். ஆக, பதவி ஏற ஒரு நல்ல படிக்கட்டு. விண்வெளியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான இடம் என்று சொல்ல முடியாது.

புதியதில் நோராட் பொறுப்பு இல்லை, கவனம் சிதறாது. முதலில் ஜான் ரேமண்ட். விண்வெளிக்கென்றே தனிப் படையாக விண்வெளிப் படை உருவானதும், சில மாதங்கள் கட்டளையகம், படை இரண்டுக்கும் அவரே தலைவர். அப்புறம் 2020-இல் தரைப்படையின் ஜேம்ஸ் டிக்கின்சன் வந்தார். பழைய கட்டளையகத்தில் நடக்காத விஷயம் இது. 2024 ஜனவரியில் விண்வெளிப் படையின் ஸ்டீஃபன் வைட்டிங்.

என் ஓட்டு புதியதற்கே. ஒரே படையின் சொத்தாக இல்லாதது அதன் பலம்.