இனமா, வர்க்கமா? மிளகாய்த் தோட்டத்தில் நின்று பார்த்தால்

இலங்கைத் தமிழரின் பிரச்சினைக்கு மூலம் இனமா, வர்க்கமா என்று தமிழ்த் தேசியவாதிகளும் இடதுசாரிகளும் வாதாடுவார்கள். இந்த விவாதத்தை வடக்கின் வன்னியில், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய சனத்தை வைத்துத்தான் நான் பார்க்கிறேன். இரண்டு தரப்பும் அவர்களைத் தங்கள் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டன.

இடதுசாரிகளின் தொடக்கம் நல்லது. 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தைச் சமசமாஜக் கட்சி எதிர்த்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தையும் எதிர்த்தது. ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று அதன் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். 1964இல் அதே கட்சி பிரதமர் சிறிமாவின் அரசில் போய்ச் சேர்ந்தது. அந்த ஒக்டோபரில்தான் இந்தியப் பிரதமருடன் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டத் தொழிலாளரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஆட்டை மாட்டைப் பங்கு பிரித்த மாதிரி. 1972 அரசியலமைப்பில் சிங்களத்தை அரச மொழியாக எழுதிவைத்த அமைச்சரும் கொல்வின்தான். எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

தேசியத் தரப்புக்கும் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. குடியுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறித்தான் செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தனிநாடு கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் சோசலிசத் தமிழீழம் என்றே சொன்னது.

சரி, வன்னியில் நடந்தது என்ன? எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. 1974 பஞ்சத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்களும் தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் உயிர் தப்பி வந்தவர்களும் அந்தக் காணிகளில் நாட்கூலிகள். மிளகாய்ப்பழம் ஆய்ந்த கை இரவிலும் எரியும். தேங்காயெண்ணெய் பூசினாலும் அடங்காது. அந்தக் கையால் பிள்ளையின் முகத்தைத் தொட முடியாது. காணிக்காரரும் தமிழர்தான். ஆனால் இவர்களுக்கு அவர் வைத்த பெயர் ‘தோட்டக்காட்டான்’.

இனம், வர்க்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது, என் கணிப்பில், வவுனியாவில் வேலைசெய்த காந்தியம் என்ற அமைப்பு. தமிழர் என்று அடிபட்டவர்களுக்குப் பாதுகாப்பான இடமும், நிலமில்லாதவர்களுக்கு நிலமும் வேண்டும் என்று அதை நடத்திய டேவிட்டும் டாக்டர் ராஜசுந்தரமும் குடியேற்றங்களை அமைத்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

கிளிநொச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பழைய கடிதங்களையும் குடும்ப அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். காடு வெட்டி, கிணறு தோண்டி, நாற்பது வருசத்துக்கு மேல் இருக்கும் காணி. அதற்குப் பெமிற் (காணி அனுமதிப்பத்திரம்) கேட்டு இன்னும் அலைகிறார்.