பத்து மைக்ரோகிராம் கீமோகைன் குப்பி: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

மதுரையில் எங்கள் ஆய்வகத்தில் செல் நகர்வுச் சோதனைக்கு இரண்டு ரீகாம்பினன்ட் (மரபணு மாற்றிய செல்லில் தயாரித்த) கீமோகைன்களை, அதாவது செல்களைத் தம் பக்கம் இழுக்கும் சிறு புரதங்களை, தொடர்ந்து பயன்படுத்துகிறோம். ஜர்காட் (டி-செல் வகை) செல்களுக்கு சிஎக்ஸ்சிஎல்12, டிஎச்பி-1 (மோனோசைட் வகை) செல்களுக்கு சிசிஎல்2. இரண்டும் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, உறையவைத்து உலர்த்திய பொடியாக வருபவை. சரக்கு நன்றாகவே இருக்கிறது. சோதனை கெடுவது பெரும்பாலும் பொடியைக் கரைக்கும் அன்றுதான்.

10 மைக்ரோகிராம் பொடி கண்ணுக்குத் தெரியாது. குப்பி காலியாக வந்துவிட்டது என்று கம்பெனிக்கு மெயில் போட வேண்டாம். மூடியைத் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் சில நொடி சுற்றுங்கள். மூடியில் ஒட்டியிருப்பது அடிக்கு வரும். 0.1% பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) கலந்த ஸ்டெரைல் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) 100 மைக்ரோலிட்டர் விட்டால் செறிவு 100 மைக்ரோகிராம்/மிலி. வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கக் கூடாது, பைப்பெட்டால் நுரை எழ அடிக்கவும் கூடாது. பத்து நிமிடம் வைத்து, மெல்லச் சாய்த்துச் சுழற்றினால் போதும். பிஎஸ்ஏ இல்லாமல் நானோகிராம் அளவுக்கு நீர்த்தால் புரதத்தில் ஒரு பங்கு டியூப் சுவரிலேயே தங்கிவிடும். கணக்குப்படி 10 நானோகிராம் போட்டிருப்போம், செல்லுக்கு அதில் பாதி கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். புரதம் ஒட்டாத லோ-பைண்ட் டியூபுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வைக்கிறோம். ஓர் அலிகாட்டில் (பிரித்த ஒரு பங்கில்) 1 மைக்ரோகிராம். 100 நானோகிராம்/மிலி செறிவில் 10 மிலி, அதாவது 600 மைக்ரோலிட்டர் வீதம் சோதனைத் தட்டின் பதினாறு கிணற்றுக்கு (குழிக்கு) வரும். உருக்கியதை மறுபடி உறையவைப்பதில்லை. ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பனி உருக அது தானே அவ்வப்போது சூடேறி இறங்கும். உலர்பொடி வழியில் மதுரை வெயிலைத் தாங்கும். கரைத்த பிறகு தாங்காது, ஆகவே ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கட்டும். இன்னொன்று, அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் செல்லையோ சீரத்தையோ ஆர்டர் செய்யாதீர்கள். உள்ளூர் விடுமுறை, ஊர் முழுக்கக் கூட்டம். உலர்பனி கரைந்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.

வாங்கும்போது டேட்டாஷீட்டில் மூன்று இடம் பார்க்க வேண்டும். பிஎஸ்ஏ சேர்த்ததா, சேர்க்காததா? செல் சோதனைக்குச் சேர்த்தது நல்லது. நிறமி ஒட்டவோ தட்டில் பூசவோ சேர்க்காததுதான் வேண்டும். அடுத்தது என்-முனை, அதாவது புரதச் சங்கிலியின் தொடக்க முனை. கீமோகைனின் வேலையே அந்த முனையில்தான் இருக்கிறது. சிசிஎல்5 என்ற கீமோகைனின் முன்னால் ஒரே ஒரு மெத்தியோனின் அமினோ அமிலம் கூடுதலாக ஒட்டினால், ரிசெப்டரை (செல்லின் மேலுள்ள ஏற்பியை) தூண்ட வேண்டிய புரதம் தடுப்பானாக மாறிவிடுகிறது. மூன்றாவது எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் நச்சு. அது கூடினால் டிஎச்பி-1 தானாகவே சிஎக்ஸ்சிஎல்8 என்ற வேறொரு கீமோகைனைச் சுரக்கும், அப்புறம் எது எதை இழுத்தது என்று பிரிக்க முடியாது.

சோதனைக்கு 24 கிணற்றுத் தட்டு, 5 மைக்ரான் துளை இன்செர்ட் (அடியில் துளைச் சவ்வு உள்ள, கிணற்றுக்குள் இறக்கும் சிறு கிண்ணம்). கீழே 600 மைக்ரோலிட்டர் கீமோகைன், மேலே 100 மைக்ரோலிட்டரில் ஐந்து லட்சம் செல், 37 டிகிரியில் மூன்று மணி நேரம். இன்செர்ட்டை நேராக இறக்கினால் சவ்வுக்கு அடியில் காற்றுக்குமிழி மாட்டும். அந்த இடத்தில் ஒரு செல்லும் இறங்காது. ஒரு பக்கம் சாய்த்து இறக்கி, தட்டைத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். மீடியத்தில் சீரத்துக்குப் பதில் 0.5% பிஎஸ்ஏ போடுகிறோம். சீரத்தில் உள்ள டிபிபி4 என்சைம் சிஎக்ஸ்சிஎல்12-இன் முதல் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கி அதைச் செயலிழக்கச் செய்யும். டிஎச்பி-1 சவ்வின் அடிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்; எண்ணுவதற்கு முன் ஒட்டுதலைத் தளர்த்தும் குளிர்ந்த ஈடிடிஏ கரைசல் விட்டு உதிர்க்காவிட்டால் கணக்கு குறையும்.

புதிதாகச் சேரும் மாணவர்கள் திணறும் இடம் டோஸ். கூட்டக் கூட நகர்வும் கூடிக்கொண்டே போகாது. ஓர் உச்சம் தொட்டு இறங்கும். நிறையக் கொட்டினால் கீழும் மேலும் செறிவு சமமாகி, ரிசெப்டரும் செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். 1, 10, 100, 300 நானோகிராம்/மிலி என்று நான்கு செறிவாவது ஓட்டாமல் 'புரதம் வேலை செய்யவில்லை' என்று சொல்லக்கூடாது. மேலும் கீழும் ஒரே செறிவு வைத்த கிணறு ஒன்றும் அவசியம். அதிலும் செல் அதே அளவு இறங்கினால் அது திசையறிந்த நகர்வு இல்லை, வெறும் அலைச்சல்.

தடுப்புக் கன்ட்ரோலுக்கு பிளெரிக்ஸாஃபர் 1 மைக்ரோமோலார். செல்லோடு அரைமணி முன்பே கலந்துவிட வேண்டும். மல்டிபிள் மயலோமா, லிம்ஃபோமா நோயாளிகளின் ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்க 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதே மருந்துதான். சிஎக்ஸ்சிஎல்12-இன் ரிசெப்டரான சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைப்பதே அங்கும் அதன் வேலை. இதைப் போட்டும் ஜர்காட் குறையாமல் இறங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால் பழைய லாட்டின் கடைசி அலிகாட்டை அதன் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அதற்காக ஒன்றை எடுத்து வைக்காதவர்கள் டோஸ் வளைவை முதலிலிருந்து போட வேண்டியதுதான்.